எழுத்து, ஊதியம், அச்சகம்: பிரேம்சந்தின் தொழில்வாழ்க்கை (1899–1936)

இந்திய மொழிகளின் நாவல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நூல்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். கரு, பாத்திரம், நடை, சமூகப் பார்வை ஆகியன விரிவாகப் பேசப்படுகின்றன. அந்நூல்களை எழுதியவர் அன்றாடம் எவ்வேலை செய்து உண்டார், கைப்படியை யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார், அச்சிட்ட படிகளை எவ்வாறு விற்றார் என்பன அடிக்குறிப்பில் ஒடுங்கிவிடுகின்றன. இந்தி, உருது ஆகிய இரு மொழிகளின் புனைகதை வரலாற்றிலும் தலையாய இடம்பெறும் பிரேம்சந்தின் (1880–1936) வாழ்க்கையை இக்கோணத்தில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குரிய சான்றுகள் குறைவல்ல. பிரேம்சந்தே எழுதிய சிறு தன்வரலாறு, துணைவியார் சிவராணி தேவி 1944-இல் வெளியிட்ட 'பிரேம்சந்த்: கர் மே(ன்)' என்னும் நினைவுநூல், மகன் அம்ரித் ராய் எழுதி 1963-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கலம் கா சிபாஹி' என்னும் வாழ்க்கை வரலாறு, மதன் கோபாலும் அம்ரித் ராயும் முயன்று திரட்டிய கடிதங்களின் தொகுதியான 'சிட்டி பத்ரி' (1962) ஆகியன முதன்மையானவை. கடிதங்களைப் படிப்போர் ஒன்றை உடனே உணர்வர். இலக்கியக் கொள்கையைப் பற்றி அவர் எழுதிய வரிகளைவிடத் தாள் விலை, அச்சுக்கூலி, வரவேண்டிய பணம், விளம்பரம் ஆகியவை பற்றி எழுதிய வரிகளே மிகுதி. இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவரின் கடிதங்கள் வேறெவ்வாறும் இருத்தற்கில்லை.

பனாரஸ் நகருக்கு அண்மையிலுள்ள லம்ஹி என்னும் சிற்றூரில் 1880 ஜூலை 31-இல் தன்பத் ராய் என்னும் இயற்பெயருடன் அவர் பிறந்தார். தந்தையார் அஞ்சல் துறையில் எழுத்தர். மாணவப் பருவத்திலேயே திருமணமும், 1897-இல் தந்தையாரின் மறைவும் நேர்ந்தமையால் குடும்பச் சுமை தோளில் விழுந்தது. மாதம் 5 ரூபாய்க்கு ஒரு வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1899-இல் கையில் காசில்லாத ஒருநாள், சக்கரவர்த்தியின் கணித நூலுக்குரிய விடைவிளக்க நூலைப் பழைய புத்தகக் கடையில் விற்கச் சென்றார். 2 ரூபாய் விலையுள்ள அந்நூல் 1 ரூபாய்க்குப் போயிற்று. கடையில் இருந்த தலைமையாசிரியர் ஒருவர் அவரது நிலையைக் கேட்டறிந்து சுனார் மிஷன் பள்ளியில் 18 ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியப் பணி அளித்தார். பிற்காலத்தில் அச்சகம் வைத்துப் புத்தகம் விற்றவரின் முதல் புத்தக வணிகம், விலையில் பாதியை இழந்த வணிகமாக இருந்தது என்பது தற்செயலே. ஆயினும் பின்னர் வந்த கணக்குகளும் ஏறத்தாழ அவ்வழியே சென்றன.

1900 முதல் அவர் அரசுப் பணியில் இருந்தார். பஹ்ராய்ச், பிரதாப்கட், கான்பூர் எனப் பல ஊர்களில் ஆசிரியராகவும், 1909 முதல் ஹமீர்பூர் மாவட்டத்து மஹோபாவில் பள்ளித் துணை ஆய்வாளராகவும் பணியாற்றினார். இடையே அலகாபாத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிடும் பணி அவருக்கு இரண்டைத் தந்தது: கிராமத்து மனிதர்களைப் பற்றிய நேரறிவு, இறுதிவரை நீங்காத வயிற்று நோய். முதலாவதைப் பற்றித் திறனாய்வாளர் நிறையவே எழுதியுள்ளனர். இரண்டாவதும் அவருடைய எழுத்தின் வேகத்தையும் அளவையும் வரையறுத்தது என்பதை மறத்தலாகாது. நோய் காரணமாகவே ஆய்வாளர் பணியை விடுத்து மீண்டும் ஆசிரியப் பணியை வேண்டிப் பெற்றார். 1916 முதல் 1921 வரை கோரக்பூர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இருந்தார். இப்பணியில் இருந்தவாறே 1919-இல் தம் 39ஆம் அகவையில் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

அரசு ஊழியர் ஒருவர் எழுத்தாளராகவும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு 'ஸோஸ்-ஏ-வதன்' நிகழ்வு நல்ல சான்று. நவாப் ராய் என்னும் புனைபெயரில் 1908-இல் கான்பூர் 'ஜமானா' அலுவலகத்தின்வழி வெளிவந்த இவ்வுருதுச் சிறுகதைத் தொகுதி அரசத் துரோகம் உடையதெனக் கருதப்பட்டது. மாவட்ட ஆட்சியர் அவரை அழைத்து விசாரித்தார். ஆயிரம் படி அச்சாகி முந்நூறே விற்றதாகவும் எஞ்சிய எழுநூறையும் வரவழைத்து ஒப்படைத்ததாகவும் பிரேம்சந்த் பின்னாளில் எழுதினார். எரிக்கப்பட்டவை ஐந்நூறு என்போரும் உளர். எண்ணிக்கை எதுவாயினும், பெரும்பகுதி வாசகரை அடையவில்லை என்பது தெளிவு. நூல் அழிந்ததைவிட அதன்பின் விதிக்கப்பட்ட கட்டுப்பாடே அவருக்குப் பெருந்தொல்லையாயிற்று. எப்பொருள் பற்றி எழுதினும் ஆட்சியரிடம் காட்டிய பின்னரே வெளியிட வேண்டும் என்னும் நிலை. மாதந்தோறும் இதழுக்கு எழுதும் ஒருவர் இக்கட்டுப்பாட்டின்கீழ் இயங்க இயலாது. எனவே 'ஜமானா' ஆசிரியர் தயாநாராயண் நிகம் பரிந்துரைத்த 'பிரேம்சந்த்' என்னும் புதுப்பெயரை ஏற்றார். அப்பெயரில் முதற்கதை 1910 டிசம்பரில் வெளிவந்தது. இன்று நாம் வழங்கும் பெயர் அலுவலக விதியொன்றைக் கடப்பதற்காகத் தோன்றியது.

அடுத்து மொழிமாற்றம். உருதுவில் புகழ்பெற்ற பிரேம்சந்த் ஏன் இந்திக்கு வந்தார் என்னும் வினாவுக்குச் சமயம், தேசியம், மொழி அரசியல் ஆகியவற்றின் அடிப்படையில் விடைகள் கூறப்பட்டுள்ளன. 1915-இல் நிகமுக்கு எழுதிய கடிதத்தில், உருதுவில் எழுதி எந்த இந்துவுக்குப் பயன் விளைந்தது என்னும் கருத்துப்பட மனக்கசப்புடன் அவர் எழுதியிருப்பதும் இவ்விடைகளுக்குத் துணைசெய்கிறது. ஆயின் பதிப்புச் சந்தையின் பங்கை இத்துடன் சேர்த்தே எண்ண வேண்டும். 'பஜார்-ஏ-ஹுஸ்ன்' என்னும் நாவலை அவர் முதலில் உருதுவிலேயே எழுதினார். உருதுவில் வெளியிட முன்வருவோர் உடனே கிட்டாமையால் இந்தியில் ஆக்கினார். கல்கத்தாவின் இந்திப் புத்தக ஏஜென்சி 450 ரூபாய் கொடுத்து 'சேவாசதன்' என்னும் பெயரில் 1919-ஐ ஒட்டி அதனை வெளியிட்டது. மூல உருது வடிவம் லாகூரில் 1924-இல்தான் அச்சேறியது. கிடைத்த தொகை 250 ரூபாய். முதலில் எழுதப்பட்ட மொழியில் ஐந்தாண்டு பிந்தியும், ஏறத்தாழப் பாதி விலைக்கும் ஒரு நூல் வெளிவருகிறது எனில், எழுத்தையே நம்பி வாழ எண்ணுபவர் எம்மொழியை நாடுவார் என்பது வெளிப்படை. எனினும் அவர் உருதுவைக் கைவிடவில்லை. 'பிரேமாசிரமம்', 'ரங்கபூமி' ஆகியனவும் முதலில் உருதுவிலேயே வரையப்பட்டன. நேரே இந்தியில் எழுதத் தொடங்கிய முதல் நாவல் 1926-இல் வந்த 'காயாகல்ப்'. சந்தை அவரை இழுத்தது. பழகிய கை உடனே மாறவில்லை.

1921 பிப்ரவரியில் கோரக்பூரில் காந்தியடிகளின் உரையைக் கேட்ட சில நாள்களில் அவர் அரசுப் பணியைத் துறந்தார். இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட பணி அத்துடன் முடிந்தது. இத்துறவு குறித்து எழுதப்பட்டவை மிகுதியாதலால் விரிக்கவில்லை. சிவராணி தேவியின் ஒப்புதல் பெற்ற பின்னரே அவர் விலகல் கடிதம் கொடுத்தார் என்பது மட்டும் குறிக்கத்தக்கது. மாதச் சம்பளத்தின் அருமையை அறிந்தவர் வீட்டை நடத்துபவரே. அதன்பின் கான்பூர் மார்வாரி பள்ளி, பனாரஸில் 'மர்யாதா' இதழ், காசி வித்யாபீடத்துப் பள்ளி எனச் சிறுசிறு பணிகள். எங்கும் நிலைக்கவில்லை.

இந்நிலையில் 1923-இல் உறவினர், நண்பர் ஆகியோரின் பங்குப்பணத்துடன் பனாரஸில் சரஸ்வதி அச்சகத்தை நிறுவினார். பிரேம்சந்தின் தொழில்வாழ்க்கையில் மையமான நிகழ்வு இதுவே என்பது என் கருத்து. பதிப்பாளர் கொடுக்கும் ஒருமுறைத் தொகைக்குப் பதிப்புரிமையை விற்றுவிடும் வழக்கிலிருந்து விடுபடவும், தம் நூலின் வருவாய் தமக்கே வரவும் அவர் வகுத்த வழி அது. ஆயின் எழுதத் தெரிந்தவருக்கு அச்சுத்தொழில் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. அச்சகத்துக்கு வெளிவேலை தொடர்ந்து வரவேண்டும், வேலை முடிந்தபின் கூலி வசூலாக வேண்டும், தொழிலாளர்க்கு உரிய நாளில் சம்பளம் கொடுக்க வேண்டும். மூன்றிலும் இடர்ப்பாடு. தொடக்க முதலே இழப்பு. பங்குதாரர்க்கு இலாபம் கொடுக்க இயலாத வருத்தம் வேறு. அல்வர் அரசர் மாதம் 400 ரூபாயும் வீடும் வாகனமும் அளித்து அழைத்தபோதும் செல்லாதவர், அச்சகத்தின் கடனுக்காக லக்னௌ சென்று பிறர் பதிப்பகத்தில் பணிசெய்தார். முதலில் கங்கா புஸ்தக மாலாவிலும், பின்னர் 'மாதுரி' இதழிலும் அவருக்கு வேலை. பிறருடைய இதழைத் திருத்திப் பெற்ற சம்பளம், தம்முடைய அச்சகத்தின் இழப்பை ஈடுசெய்யச் சென்றது.

'மாதுரி'யிலும், 1930 மார்ச்சில் தாமே தொடங்கிய 'ஹம்ஸ்' இதழிலும் அவர் செய்த பணியை ஆசிரியத் தொழிலின் தொடர்ச்சியாகக் காண வேண்டும். வகுப்பறையை விட்டு வந்தவர், எழுதக் கற்பவர்க்கு இதழின்வழிக் கற்பித்தார். வந்த கைப்படிகளைத் திருத்துவதும், புதியவர்க்குக் கடிதம் எழுதுவதும் நாள்தோறும் நிகழ்ந்தன. ஜைனேந்திர குமார் இவ்வாறு அவரிடம் நெருங்கிய இளையோருள் தலையாயவர். நாவல், சிறுகதை ஆகியவற்றின் அமைப்புப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளும் இத்தகைய இளம் எழுத்தாளரை முன்னிறுத்தியவையே. மனிதரின் குணவியல்பைத் துலக்குவதே நாவலின் பணி என்பது அவற்றின் உள்ளீடு. கோட்பாட்டு நூல் எழுதும் நோக்கம் அவருக்கு இல்லை. நாளை கதை அனுப்பவிருப்பவர்க்கு இன்று சொல்லவேண்டியதைச் சொன்னார். இக்கட்டுரைகளில் முழுமையான அழகியல் கோட்பாட்டைத் தேடும் ஆய்வுகள் ஏமாற்றம் அடைவதன் காரணம் இதுவாகலாம்.

இதழ் புத்தகம் விற்கும் கருவியாகவும் இருந்தது. சொந்த அச்சகத்தில் அச்சிட்ட நூல்களுக்குச் சொந்த இதழில் அறிவிப்பு வெளியிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இழப்பிலேயே நடந்த 'ஹம்ஸ்' இதழை அவர் விடாது பற்றியிருந்தமைக்கு இலக்கியப் பற்று முதற்காரணம் எனினும், இதுவும் ஒரு காரணமே. ஆனால் தற்புகழ்ச்சிக்கும் தன்னை அறிமுகப்படுத்துதற்கும் இடையிலுள்ள எல்லை அன்றைய இந்தி உலகில் கூர்ந்து நோக்கப்பட்டது. 1932 தொடக்கத்தில் 'ஹம்ஸ்' தன்வரலாற்றுச் சிறப்பிதழ் ஒன்றை வெளியிட முனைந்தபோது, இது எழுத்தாளர் தம்மைத் தாமே விளம்பரம் செய்துகொள்ளும் முயற்சி என இளந்திறனாய்வாளர் நந்ததுலாரே வாஜ்பேயி கண்டித்தார். பிரேம்சந்த் மறுமொழி எழுதினார். இதழும் வந்தது. ஜயசங்கர் பிரசாத் தம் வாழ்வைச் சொல்லத் தயங்கும் கவிதையொன்றைத் தன்வரலாறாகவே அளித்தார். பிரேம்சந்த் அளித்ததே நாம் மேலே பயன்படுத்திய சிறு தன்வரலாறு. கணித விளக்க நூலை விற்றதும், 'ஸோஸ்-ஏ-வதன்' படிகள் பறிபோனதும் இன்று நமக்குத் தெரிவது, 'விளம்பரம்' எனப் பழிக்கப்பட்ட அச்சிறப்பிதழால்தான். வாஜ்பேயியின் ஐயம் முற்றிலும் பொருந்தாதது எனச் சொல்வதற்கில்லை. ஆனால் எழுத்தாளர் நாணி ஒதுங்கியிருந்தால் வரலாற்றாசிரியர்க்குக் கிட்டியிருக்கக்கூடியது மிகச் சிறிதே.

அவர் பெயருக்கு முன்வரும் 'முன்ஷி' என்னும் அடையும் இதழ்த்தொழிலின் எச்சம் என்றொரு விளக்கம் உண்டு. 'ஹம்ஸ்' இதழில் ஆசிரியர் பெயர்களாக க. மா. முன்ஷியும் பிரேம்சந்தும் அடுத்தடுத்து அச்சானதை ஒருவர் பெயராகப் படித்ததால் வந்தது என்பர். காயஸ்தக் குலத்து ஆசிரியரை முன்ஷி என்றழைப்பது அப்பகுதியில் இயல்பே ஆதலால், இவ்விளக்கம் ஒன்றையே முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை.

1930-இன் அச்சக அவசரச் சட்டம் புதிதாகப் பிறந்த இதழைத் தாக்கியது. ஜாமீன் தொகை கேட்கப்பட்டு இதழ் சிலகாலம் நின்றது. அதே ஆண்டில் அயல்நாட்டுத் துணி மறியலில் சிவராணி தேவி சிறை சென்றார். 1932-இல் 'ஜாகரண்' என்னும் வார இதழையும் பிரேம்சந்த் ஏற்றார். ஒரு இழப்பை மற்றொன்றால் ஈடுசெய்யலாம் என எண்ணினார் போலும். இரண்டும் சேர்ந்தே கடனைப் பெருக்கின. இக்காலத்தில்தான் 'கபன்' (1931), 'கர்மபூமி' (1932) ஆகியன வெளிவந்தன. நாவலின் வருவாய் இதழுக்குச் சென்றது; இதழின் கடன் அடுத்த நாவலை எழுதச் செய்தது.

1934-இல் பம்பாயின் அஜந்தா சினிடோன் ஆண்டுக்கு 8000 ரூபாய் தருவதாக அழைத்தது. கடனைத் தீர்க்க வேறு வழியின்மையால் சென்றார். மோகன் பாவ்னானி இயக்கிய 'மில் மஜ்தூர்' படத்துக்குக் கதை எழுதினார். ஆலைத் தொழிலாளர் போராட்டத்தைப் பேசிய அப்படம் பம்பாயில் தடைசெய்யப்பட்டது. அதே காலத்தில் பனாரஸில் அவரது அச்சகத் தொழிலாளர்கள் சம்பளப் பாக்கிக்காக வேலைநிறுத்தம் செய்தனர். இம்முரணை எள்ளலாகக் கூறுவது எளிது, பலர் கூறியுமுள்ளனர். தொழிலாளர்க்குக் கூலி கொடுக்கும் பொருட்டே முதலாளி வேறொருவரிடம் கூலிக்குச் சென்றிருந்தார் என்னும் உண்மையையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். திரைத்தொழில் அவருக்கு ஒவ்வவில்லை. ஓராண்டு நிறைவதற்குள் 1935 ஏப்ரலில் பம்பாயை விட்டு நீங்கினார்.

பம்பாயில் இருந்தபோதுதான் அவர் தென்னகம் வந்தார். 1934 டிசம்பர் இறுதியில் சென்னையில் தட்சிண பாரத இந்திப் பிரசார சபையின் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றினார். மைசூர், பெங்களூர் ஆகிய ஊர்களுக்கும் சென்றார். விற்பனைப் பயணமாக அது திட்டமிடப்படவில்லை. ஆயினும் இந்தி கற்கும் புதிய வாசகரைத் தம் மொழி வழங்கா நிலத்தில் அவர் நேரில் கண்டது அப்பயணத்தில்தான். தமிழில் அவரது செல்வாக்கு வேறொரு வழியாகவும் பரவியது. எஸ். அம்புஜம்மாள் 'சேவாசதன'த்தைத் தமிழாக்கினார். கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்து 1938-இல் அது 'சேவாசதனம்' என்னும் திரைப்படமாயிற்று. பம்பாயில் 1934-இல் எடுக்கப்பட்ட இந்திப் படம் நூலாசிரியர்க்கு நிறைவு தரவில்லை. தமிழ்ப் படத்தைக் காண அவர் இல்லை.

பிரேம்சந்த் வறுமையில் வாடி மறைந்தார் என்பது பாடநூல்கள் வழியே பரவிய கூற்று. கமல் கிஷோர் கோயன்கா வங்கிக் கணக்கு முதலிய ஆவணங்களைக் கொண்டு இதனை மறுத்துள்ளார். இம்மறுப்பு பெரும் விவாதத்துக்குள்ளாயிற்று. மேலே கண்ட செய்திகளை நோக்க, இரு தரப்பும் வினாவைச் சற்றே மாற்றி அமைத்திருக்கலாம் எனத் தோன்றுகிறது. அவருக்கு வருவாய் இல்லாமல் இல்லை. அன்றைய இந்தி எழுத்தாளருள் அவரினும் மிகுதியாகப் பொருளீட்டியோர் சிலரே இருக்கக்கூடும். அவ்வருவாய் எங்கே சென்றது என்பதே கேட்கத்தக்கது. அச்சகத்துக்கும் இதழ்களுக்கும் சென்றது. ஒரு மொழியின் இலக்கியத்துக்கு வேண்டிய அமைப்புகளை அரசோ செல்வரோ பல்கலைக்கழகமோ தோற்றுவிக்காத காலத்தில், ஒரு நாவலாசிரியர் தம் கைப்பொருளால் அவற்றை நடத்தினார். ஏழை எழுத்தாளர் என்னும் படிமம் இச்செலவினத்தை மறைத்துவிடுகிறது. பணமுள்ளவர் என்னும் மறுப்பும் அதனையே மறைக்கிறது.

இறுதியாண்டின் நிகழ்வுகள் இதற்குச் சான்று. 1935 அக்டோபரில் 'ஹம்ஸ்' பாரதிய சாகித்திய பரிஷத்தின் இதழாயிற்று. பல இந்திய மொழிகளின் ஆக்கங்கள் இந்தியில் அதன்வழி வெளிவந்தன. பிரேம்சந்துக்கு இழப்புச் சுமை குறைந்தது; உழைப்புக் குறையவில்லை. 1936 ஏப்ரலில் லக்னௌவில் முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். ஜூனில் 'கோதான்' வெளிவந்தது. அக்கோடையில் சேட் கோவிந்ததாசின் நாடகம் ஒன்றை வெளியிட்டமைக்காக 'ஹம்ஸ்' இதழிடம் அரசு 1000 ரூபாய் ஜாமீன் கேட்டது. தொகை கட்டுவதைவிட இதழை நிறுத்துவதே மேல் எனப் பரிஷத் முடிவு செய்தது. ஒத்துழையாமை நெறியின்படி அம்முடிவு பிழையற்றது. பிரேம்சந்தோ இதழை நடத்துபவர். நோய் முற்றிப் படுக்கையில் இருந்தவர் இதழைத் திரும்பப் பெற்று, ஜாமீனைத் தம் பொறுப்பில் கட்டச் செய்தார். அவ்வாறு மீண்ட 1936 செப்டம்பர் இதழில், பணத்தையே அளவுகோலாகக் கொண்ட நாகரிகத்தைச் சாடும் 'மஹாஜனி சப்யதா' என்னும் கட்டுரை வெளிவந்தது. அக்டோபர் 8-இல் அவர் மறைந்தார். 'மங்கள்சூத்ர' என்னும் நாவல் முற்றுப்பெறவில்லை. எழுத்தாளர் ஒருவரின் குடும்பத்தை மையமாகக் கொண்டது அது.

1937 மார்ச்சில் பாரதிய சாகித்திய பரிஷத் காந்தியடிகள் தலைமையில் சென்னையில் கூடியபோது உ. வே. சாமிநாதையர் வரவேற்புக் குழுத் தலைவராக இருந்தார். 'ஹம்ஸ்' அப்போது பரிஷத்தின் இதழன்று. சிவராணி தேவியின் பொறுப்பில் பனாரஸிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. இரு மாதங்களில், பாபுராவ் விஷ்ணு பராட்கரை ஆசிரியராகக் கொண்டு பிரேம்சந்த் நினைவுச் சிறப்பிதழை அது வெளியிட்டது.